கணவர் பெயருக்குப் பின்னால் மறைந்த தலைவிகள்... கல்லறை தேடிப் போய் மரியாதை செய்யும் அமெரிக்கப் பெண்கள் சங்கம்! என்ன கதை இது?

அமெரிக்காவில் ஏதோ ஒரு பழைய கல்லறைத் தோட்டம். தோளில் அகலமான ரிப்பன், அதில் வரிசையாக பேட்ஜ்கள் என சில பெண்கள் கூடி நிற்கிறார்கள். பக்கத்தில் 1770-களின் படைவீரர் சீருடையில் நாலைந்து ஆண்கள் கொடி பிடித்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் முன்னால் வந்து, கல் மேல் போர்த்தியிருக்கும் துணியை விலக்குகிறாள். உள்ளே கையகல வெண்கல வில்லை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. மலர்வளையம் வைக்கிறார்கள். பியூகிள் ஊதுகிறார்கள். அவ்வளவுதான், கூட்டம் கலைகிறது.

யாரோ ராணுவத் தளபதியின் கல்லறை என்று நினைத்தால் தப்பு. அங்கே புதைக்கப்பட்டிருப்பவர் நூறு வருடத்துக்கு முன்னால் இறந்துபோன ஒரு பெண்மணி. போருக்குப் போனவர் இல்லை, பெரிய பதவியில் இருந்தவரும் இல்லை. அந்தப் பெண்களின் சங்கத்துக்கு ஒரு காலத்தில் தலைவியாக இருந்தவர், அவ்வளவே.

2026 ஜூலை 4 அன்று அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துக்கு 250 வயது. இதையொட்டி பழைய கல்லறைகள், நினைவுச் சின்னங்கள் பக்கம் அங்கே பலரின் கவனமும் திரும்பியிருக்கிறது. ‘டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்’, சுருக்கமாக டி.ஏ.ஆர். என்ற பெண்கள் சங்கம் இந்த வேலையை நூறு வருடத்துக்கும் மேலாகச் செய்துவருகிறது. முன்னாள் தலைவிகளின் கல்லறைக்குப் போய் அப்படி என்ன செய்கிறார்கள்? அதில் என்ன சிக்கல்? பார்க்கலாம்.

ஹெரிடேஜ் சொசைட்டி... அப்படின்னா?

இன்னாருடைய வம்சாவளி என்று ஆவணத்தோடு நிரூபித்தால்தான் உறுப்பினராகச் சேர முடியும் என்கிற சங்கங்களைத்தான் ஹெரிடேஜ் சொசைட்டி என்கிறார்கள். மேஃபிளவர் கப்பலில் 1620-ல் வந்து இறங்கியவர்களின் வாரிசுகளுக்கு ஒரு சங்கம், உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் நின்று சண்டையிட்டவர்களின் வாரிசுகளுக்கு ஒரு சங்கம் என்று அமெரிக்காவில் இப்படி ஏகப்பட்டவை உண்டு.

டி.ஏ.ஆர். இவற்றில் பெரியது. பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரில் போரிட்டவர் அல்லது அதற்கு உதவியவர் ஒருவரின் நேரடி வாரிசு என்று காட்ட வேண்டும். 18 வயது நிரம்பிய பெண்ணாக இருக்க வேண்டும். இப்போது சுமார் 1,90,000 உறுப்பினர்கள், ஏறத்தாழ 3,000 கிளைகள்.

சங்கம் உருவானதே ஒரு கோபத்தில்தான். 1889-ல் ஆண்கள் ‘சன்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்’ (எஸ்.ஏ.ஆர்.) என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே, பெண்களுக்கு இதில் இடமில்லை என்று முடிவெடுத்தார்கள். 1890 ஜூலையில் மேரி ஸ்மித் லாக்வுட் என்பவர் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் எழுதினார். விடுதலைப் போர்க் காலத்தில் ஹன்னா ஆர்னெட் என்ற பெண் தைரியமாக நின்ற கதையைச் சொல்லி, தேசப்பற்றில் ஆண் என்ன, பெண் என்ன என்ற ரீதியில் கேள்வி எழுப்பியிருந்தார். அந்த ஆர்னெட்டின் கொள்ளுப்பேரன் வில்லியம் மெக்டவல், எஸ்.ஏ.ஆரைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெண்கள் தனிச் சங்கம் தொடங்க உதவுகிறேன் என்று அவரே முன்வந்தார். 1890 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் லாக்வுட் வீட்டிலேயே டி.ஏ.ஆர். பிறந்தது.

சீருடைக்காரர்கள் எதற்கு?

கல்லறையில் முன்னோருக்கு மரியாதை செய்வது அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பிறகு பெரிதாகப் பரவிய பழக்கம். 1865 மே 1 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில், அப்போதுதான் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், சிறையில் இறந்த வடக்கு ராணுவ வீரர்களின் கல்லறைகளில் பூப்போட்டு ஊர்வலம் நடத்தினார்கள். 1868-ல், முன்னாள் வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த ஜான் லோகன், மே 30 அன்று எல்லா ஊர்களிலும் வீரர்களின் கல்லறைகளை மலரால் அலங்கரியுங்கள் என்று உத்தரவு போட்டார். இன்றைய ‘மெமோரியல் டே’ விடுமுறைக்கு வேர் அதுதான்.

ஹெரிடேஜ் சொசைட்டிகள் இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. வீரர்களின் கல்லறைகளை அடையாளப்படுத்துவதில் ஆரம்பித்து, தங்கள் சங்கத்தை வளர்த்தவர்களின் கல்லறைகளுக்கும் போக ஆரம்பித்தார்கள்.

நிகழ்ச்சி ஒரு ஒழுங்கில் நடக்கும். பிரார்த்தனை, கொடி உறுதிமொழி, வந்திருக்கும் குடும்பத்தாரை அறிமுகப்படுத்துதல், பிறகு இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தல். அடுத்து வில்லையைத் திறந்துவைத்து மலர்வளையம் வைப்பார்கள். 1862-ல் இருந்து ராணுவத்தில் புழங்கும் 24 சுரங்கள் கொண்ட ‘டாப்ஸ்’ இசையை கடைசியில் ஊதுவார்கள். பழைய சீருடையில் வருவது எஸ்.ஏ.ஆர். ஆண்கள். துணியை விலக்கும் வேலை பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் போகும். 1895-ல் தொடங்கிய சிறுவர் சங்கம் ஒன்றும் இந்தக் குடும்பத்தில் இருக்கிறது.

வில்லையில் இருக்கும் சின்னம் ஒரு ராட்டை. ராட்டை என்றதும் நமக்கு காந்திதான் ஞாபகத்துக்கு வருவார். இது வேறு. ஆளிச்செடி நாரில் நூல் நூற்க அந்தக் கால அமெரிக்க வீடுகளில் பெண்கள் சுற்றிய ராட்டை. சுற்றிலும் 13 நட்சத்திரங்கள், பிரிட்டனிடமிருந்து பிரிந்த 13 குடியேற்றங்களைக் குறிப்பவை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் பிரவுன் கூட் வடிவமைத்தது.

நினைத்த மாத்திரத்தில் போய் வில்லையை ஒட்டிவிட முடியாது. குடும்பத்தார் யாராவது இருந்தால் அவர்கள் சம்மதம் வேண்டும். கல்லறைத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சில இடங்களில் புல்வெட்டும் வண்டி ஓட வசதியாக, தரையோடு தரையாகப் பதித்தால்தான் அனுமதிப்பார்கள். தனி வாசகம் எதுவும் பொறிப்பதாக இருந்தால் தலைமை அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். வெண்கலத்துக்குக் காயலான் கடையில் விலை உண்டு என்பதால் திருட்டு பயமும் இருக்கிறது. நாலு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் கல்லில் ஆணி அடித்த ஓட்டை மட்டும் இருக்கும், வில்லை இருக்காது.

ஆனால் இதெல்லாம் அடுத்த பிரச்னை. முதல் பிரச்னை, கல்லறையைக் கண்டுபிடிப்பது.

‘திருமதி இன்னார்’ என்பவர் யார்?

பழைய சங்க ஆவணங்களை எடுத்துப் பார்த்தால் தலைவிகளின் சொந்தப் பெயர் இருக்காது. ‘மிஸஸ் அட்லாய் இ. ஸ்டீவன்சன்’, ‘மிஸஸ் சார்ல்ஸ் டபிள்யூ. ஃபேர்பேங்க்ஸ்’, ‘மிஸஸ் மேத்யூ டி. ஸ்காட்’ இப்படித்தான் இருக்கும். அந்தக் கால வழக்கம் அது. பெண்களுக்கு இடம் கொடுக்காததற்காகவே தொடங்கிய சங்கத்திலும் பெயர்ப்பலகையில் கணவர்தான் இருந்தார் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

முதல் பெயருக்கு உரியவர் லெட்டிஷியா கிரீன் ஸ்டீவன்சன். அமெரிக்கத் துணை அதிபராக 1893 முதல் 1897 வரை இருந்த அட்லாய் ஸ்டீவன்சனின் மனைவி. சங்கத்தின் இரண்டாவது தேசியத் தலைவி. இல்லினாய் மாநிலம் புளூமிங்டனில் எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பட்டியலில் மூன்றாவதாக வரும் ‘மிஸஸ் ஸ்காட்’ யார் தெரியுமா? ஜூலியா கிரீன் ஸ்காட். லெட்டிஷியாவின் உடன்பிறந்த அக்கா! 1909 முதல் 1913 வரை அவரும் தேசியத் தலைவி. அக்கா, தங்கை இரண்டு பேர் ஒரே பதவியில் இருந்திருக்கிறார்கள். கணவர் பெயர்களை மட்டும் படித்தால் இந்த உறவு கண்ணிலேயே படாது.

இவர்கள் துணை அதிபர் வீட்டுக்காரர்கள் என்பதால் தேட ஆள் இருந்தது. ஊர்க் கிளைகளைத் தொடங்கிய சாதாரணப் பெண்களின் கதை வேறு. ‘மிஸஸ் ஜான் ஸ்மித்’ என்று மட்டும் குறிப்பு இருந்தால், அந்த ஊரில் எத்தனை ஜான் ஸ்மித்! அவர் இரண்டு முறை திருமணம் செய்திருந்தால் எந்த மனைவி? கணவர் இறந்தபின் மகள் வீட்டுக்கு வேறு மாநிலம் போய், அங்கேயே இறந்திருந்தால்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, திருமணப் பதிவு, செய்தித்தாள் இரங்கல் குறிப்பு, சர்ச் பதிவேடு என்று தேடித்தான் கண்டுபிடிக்கிறார்கள். வம்சாவளி தேடுவதே உறுப்பினராகச் சேர்வதற்கான நிபந்தனை என்பதால் இந்த வேலை அவர்களுக்குக் கைவந்த கலை. கடைசியில் கல்லறையில் நின்று அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரை உரக்க வாசிக்கிறார்கள். அநேகமாக அந்தப் பெயர் சங்கக் கூட்டம் ஒன்றில் முதல் முறையாக ஒலிப்பது அப்போதுதான்.

ஒரே தோட்டத்தில் இரண்டு தலைவிகள்

இண்டியானாபோலிஸ் நகரின் கிரவுன் ஹில், அமெரிக்காவின் மிகப்பெரிய கல்லறைத் தோட்டங்களில் ஒன்று. பரப்பளவு 555 ஏக்கர். வங்கிக் கொள்ளையன் ஜான் டிலிஞ்சரும் அங்கேதான் இருக்கிறான். நினைவுக்கு ஒரு துண்டு வேணும் என்று ஆட்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனதால் அவன் கல்லறைக் கல்லை பலமுறை மாற்ற வேண்டியதாயிற்று. நாம் பார்க்க வேண்டியது அவனை அல்ல, கரோலின் ஸ்காட் ஹாரிசனை.

23-வது அதிபர் பெஞ்சமின் ஹாரிசனின் மனைவி. 1890-ல் டி.ஏ.ஆர். தொடங்கியபோது அதன் முதல் தேசியத் தலைவி. புதுச் சங்கத்துக்கு மவுசு வேண்டும் என்று அதிபர் மனைவியைப் பெயருக்கு உட்கார வைத்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்கு நிதி திரட்டிய பெண்கள் குழுவில் இருந்தார். மாணவிகளையும் மாணவர்களுக்குச் சமமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பணம் என்பது அந்தக் குழு போட்ட நிபந்தனை. கல்லூரி ஒப்புக்கொண்டது.

1892 அக்டோபர் 25 அன்று, கணவர் மறுதேர்தலைச் சந்திக்க இரண்டே வாரம் இருந்த நேரத்தில், காசநோயால் வெள்ளை மாளிகையிலேயே இறந்தார். சங்கப் பெண்கள் அவருடைய ஓவியத்தை வரையச் செய்து வெள்ளை மாளிகைக்குக் கொடுத்தார்கள். கிரவுன் ஹில்லில் இன்று ஹாரிசன் குடும்ப இடத்தில் அதிபர், கரோலின் இருவரும் இருக்கிறார்கள். அதிபர் பிற்பாடு மணந்துகொண்ட மேரி டிம்மிக்கும் அங்கேயே. மேரி, கரோலினின் அக்கா மகள். அந்தக் கல்யாணத்துக்கு ஹாரிசனின் பிள்ளைகள் போகவில்லை என்பது தனிக் கதை.

முன்னாள் அதிபர்களின் பிறந்தநாளில் அவர்களின் கல்லறைக்கு வெள்ளை மாளிகையிலிருந்து மலர்வளையம் போவது வழக்கம். பெஞ்சமின் ஹாரிசனுக்கு ஆகஸ்ட் 20. அது அரசு மரியாதை, கணவருக்கு. பக்கத்திலேயே இருக்கும் கரோலினுக்கு சங்கம் வந்து செய்தால்தான் உண்டு.

அதே தோட்டத்தில் கார்னீலியா கோல் ஃபேர்பேங்க்ஸ் இருக்கிறார். 1901 முதல் 1905 வரை தேசியத் தலைவி. வாஷிங்டனில் சங்கத்தின் முதல் தலைமைக் கட்டடத்துக்கு 1904-ல் அடிக்கல் நாட்டப்பட்டது இவர் காலத்தில்தான்.

வாழ்க்கைக் குறிப்பில் எதைச் சொல்வது, எதை விடுவது?

கல்லறையில் வாசிக்கும் குறிப்பு ஒரு பக்கம், இரண்டு பக்கம் இருக்கும். நிகழ்ச்சியில் நிஜமாகவே கஷ்டமான பகுதி இதுதான். புகழுரை எழுதுவது லேசு. வாழ்ந்தவரின் கதை எப்போதும் புகழுரைக்குள் அடங்குவதில்லை.

எலன் ஹார்டின் வால்வொர்த்தை எடுத்துக்கொள்வோம். டி.ஏ.ஆர். நிறுவனர்களில் ஒருவர். சங்கப் பத்திரிகையின் முதல் ஆசிரியர். அமெரிக்காவுக்கு ஒரு தேசிய ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 1893-லேயே வாதாடியவர். சரடோகா போர்க்களத்தில் நினைவுக்கற்கள் வைக்க ஓடி ஓடி உழைத்தவர். இதெல்லாம் மேடையில் சொல்லலாம். ஆனால் 1873-ல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் அவருடைய மூத்த மகன், தன் அப்பாவையே சுட்டுக் கொன்றான். அப்பா மான்ஸ்ஃபீல்ட் வால்வொர்த் நாவலாசிரியர். மனைவியை அடித்துத் துன்புறுத்தியவர், பிரிந்த பிறகும் மிரட்டல் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தவர். மகனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அம்மா விடாமல் போராடி 1877-ல் மீட்டார். சரடோகா ஸ்பிரிங்ஸ் ஊரின் கிரீன்ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் வால்வொர்த் முன்னால் நின்று பேசுகிறவர் இதைச் சொல்லலாமா? சொல்லாமல் விட்டால் ஒரு அருமையான நிர்வாகி கிடைப்பார். சொன்னால்தான், எப்படிப்பட்ட வீட்டிலிருந்து எழுந்து வந்து இத்தனையும் செய்தார் என்பது புரியும்.

யார் நிறுவனர் என்பதிலேயே சண்டை நடந்திருக்கிறது. தொடக்கத்தில் முன்னணியில் நின்ற ஃப்ளோரா ஆடம்ஸ் டார்லிங், 1891-லேயே மனஸ்தாபத்தில் வெளியேறி போட்டிச் சங்கம் தொடங்கினார். 1898-ல் சங்கம் யூஜீனியா வாஷிங்டன், மேரி டேஷா, வால்வொர்த் மூவருக்கும் நிறுவனர் பதக்கம் கொடுத்தது. யார் எழுதிய கடிதத்தால், யார் வீட்டில் எல்லாம் ஆரம்பித்ததோ, அந்த லாக்வுட்டுக்கு ‘சேவைப் பதக்கம்’தான். 1922-ல் லாக்வுட் இறந்தார். 1929-ல் சிற்பி கெர்ட்ரூட் வாண்டர்பில்ட் விட்னி செய்த நினைவுச் சின்னம் வாஷிங்டனில் திறக்கப்பட்டபோது, அதில் நான்கு பெயர்கள் இருந்தன. லாக்வுட் உட்பட. நால்வரும் ஒரே ஊரில் அடக்கம் ஆகவில்லை என்பதால், நால்வருக்கும் சேர்த்து மரியாதை செய்யும் இடமும் இதுதான்.

1939: மறைக்க முடியாத ஒரு வருடம்

இனி கொஞ்சம் நெருடலான விஷயம். முன்னாள் தலைவிகள் எல்லாரும் பெருமைக்கு உரியதை மட்டும் செய்யவில்லை.

வாஷிங்டனில் டி.ஏ.ஆருக்குச் சொந்தமான கான்ஸ்டிட்யூஷன் ஹால் என்ற பெரிய அரங்கம் உண்டு. வெள்ளை இனக் கலைஞர்களுக்கு மட்டுமே வாடகைக்கு என்று 1932 முதல் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. 1939-ல் உலகப் புகழ் பெற்ற கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அந்த அரங்கம் மறுக்கப்பட்டது. அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலனோர் ரூஸ்வெல்ட் அப்போது டி.ஏ.ஆர். உறுப்பினர். பிப்ரவரி 26 தேதியிட்ட கடிதத்தில் சங்கத்திலிருந்து விலகினார். அந்தக் கடிதம் யாருக்குப் போனது? ‘மிஸஸ் ஹென்றி எம். ராபர்ட் ஜூனியர்’ என்ற தேசியத் தலைவிக்கு.

சொந்தப் பெயர் சாரா கார்பின் ராபர்ட். உலகம் முழுக்க கூட்டங்களை நடத்தப் பயன்படும் ‘ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்’ விதிநூலை எழுதிய ஹென்றி ராபர்ட்டின் மருமகள். 1970-ல் வந்த அந்நூலின் முழுத் திருத்தப் பதிப்பில் பெரும் பங்கு இவருடையது. திறமையான நிர்வாகி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அரங்கத்தின் கதவு மூடியே இருந்ததும் இவர் பதவிக் காலத்தில்தான்.

1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று ஆண்டர்சன் பாடினார். கேட்க வந்தவர்கள் சுமார் 75,000 பேர். 1943-ல் போர் நிவாரணத்துக்காக அதே கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் பாடினார். 1964-ல் தன் பிரியாவிடை இசைப் பயணத்தையும் அங்கிருந்தே தொடங்கினார். 2005-ல் அவருடைய தபால்தலை வெளியீட்டு விழாவும் அந்த அரங்கில்தான் நடந்தது. 1939-ல் நடந்ததற்கு சங்கம் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்திருக்கிறது. ஆண்டர்சனின் கல்லறை பென்சில்வேனியாவின் காலிங்டேலில், ஈடன் என்ற கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. கறுப்பின மக்களுக்காக 1902-ல் தொடங்கப்பட்ட இடம் அது.

இப்படி ஒரு தலைவியின் கல்லறையில் என்ன வாசிப்பது? பதவி ஆண்டுகளை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். வந்திருக்கும் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் அதுதான் நாகரிகம் என்றும் தோன்றும். ஆனால் சங்கத்தின் கதையில் வெளியுலகம் அதிகம் அறிந்த வருடம் 1939. அதைத் தாண்டிக் குதித்துவிட்டு வாசிக்கப்படும் குறிப்பை யாரும் வரலாறு என்று ஏற்கப் போவதில்லை.

உறுப்பினர் சேர்க்கையிலும் இதே தகராறு நீண்ட காலம் இருந்தது. டி.ஏ.ஆரில் சேர்ந்ததாக அறியப்படும் முதல் கறுப்பினப் பெண் கேரன் பேட்செலர். ஆண்டு 1977. அதன் பிறகும் கதவு தானாகத் திறந்துகொள்ளவில்லை. வாஷிங்டனில் வாழ்ந்த லெனா ஃபெர்கூசன், விடுதலைப் போரில் பங்கேற்ற ஜோனா கே என்ற மெயின் மாநிலத்துக்காரரின் வாரிசு. ஆவணம் எல்லாம் சரியாக இருந்தும் உள்ளூர்க் கிளைகள் சேர்க்க மறுத்தன. 1984-ல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ முதல் பக்கத்தில் செய்தி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அவர் உறுப்பினரானார். இனத்தைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது என்று சங்கத்தின் விதியும் திருத்தப்பட்டது. விடுதலைப் போரில் பங்கேற்ற கறுப்பின வீரர்களைத் தேடி அடையாளம் காண்பதாகவும் சங்கம் ஒப்புக்கொண்டது. அந்தத் தேடலில் 2008-ல் வெளியான தொகுப்பில் கறுப்பினத்தவர், அமெரிக்கப் பூர்வகுடியினர் என 6,600-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. ஒவ்வொரு பெயரும், வம்சாவளியை நிரூபிக்க முடிந்தால், இன்னொரு குடும்பத்துப் பெண் சங்கத்தில் சேர்வதற்கான வழி.

ஃபெர்கூசன் 2004-ல் இறந்தார். உறுப்பினராக இருந்து மறைந்த யாருடைய கல்லறையிலும், குடும்பத்தாரும் தோட்ட நிர்வாகமும் சம்மதித்தால், அந்த ராட்டைச் சின்ன வில்லையைப் பதிக்கலாம்.